யூன் அம்மாவுக்குக் கற்பித்த வினைச்சொல்

1

லண்டனில் கொரியப் பெண்களுக்கு ஒரு யாழ்ப்பாணத்தாள் இங்கிலிஷ் படிப்பிக்கிறாள் என்று சொன்னால் ஊரில் சிரிப்பீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். இந்த நாட்டில் பிறந்து வளர்ந்து, இந்த மொழியைத் தவிர வேறொன்றும் தெரியாதவர்களுக்குச் செவ்வாய்க்கிழமை காலையில் நேரம் கிடையாது. எனக்கு இருக்கிறது. ஊரில் பதினொரு வருடம் இங்கிலிஷ் ஆசிரியை, இங்கே இருபத்திரண்டு வருடம் சுப்பர்மார்க்கெட்டில் காசாளர், இப்போது பென்ஷன்காரி. அவ்வளவுதான் தகுதி.

நியூ மோல்டன் லண்டனின் தென்மேற்கு மூலை. கொரியர்கள் நிறைந்த இடம், நடுநடுவே நாங்களும் இருக்கிறோம். ஒரு கடையில் கிம்ச்சி, அடுத்த கடையில் முருங்கைக்காய். இரண்டு கூட்டமும் இத்தனை வருடமாய் ஒரே நடைபாதையில் இடிபடாமல் நடக்கப் பழகியிருக்கின்றன, பேசத்தான் பழகவில்லை. இப்போது எங்கள் இளசுகள் கொரிய மொழியிலும் அம்மா, அப்பா உண்டு என்று கண்டுபிடித்து, அந்த இரண்டு சொல்லைப் பிடித்துக்கொண்டு கொரியாவை ஆண்டதே நாங்கள்தான் என்று வீடியோ போடுகிறார்கள். பக்கத்து வீட்டுக் கொரிய மனிசியின் பெயரென்ன என்று கேட்டால் தெரியாது.

வகுப்பு ஒரு தேவாலயத்தின் பின்மண்டபத்தில். ஒன்பது பேர், எல்லாரும் அறுபதைத் தாண்டியவர்கள். கணவன்மாரின் கம்பனி வேலைக்குப் பின்னால் வந்து, பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் அனுப்பி, கொரியக் கடையிலேயே சாமான் வாங்கி, இங்கிலிஷ் இல்லாமலே காலத்தை ஓட்டியவர்கள். வகுப்பை நடத்தும் தொண்டு நிறுவனம் கிழமைக்கொரு தாள் அனுப்பும். 'இந்தக் கிழமையின் வினைச்சொல்' என்று தலைப்பு, மேலே கார்ட்டூன் படம், கீழே நிரப்புவதற்குக் கோடிட்ட இடம். பேரப்பிள்ளை கண்ட பெண்களைப் பாலர் வகுப்பில் இருத்திப் பார்க்கிற யாரோதான் அதைத் தயாரிக்கிறார். குளிர் தொடங்கின அந்தக் கிழமை வந்த வினைச்சொல் 'மனேஜ்'. படத்தில் கழுத்தில் ரை கட்டிய ஒருவன் மேசைக்குப் பின்னால் இருந்து விரலை நீட்டிக்கொண்டிருந்தான்.

என் மாணவிகளின் அகராதியும் அதே கதைதான் சொன்னது. மனேஜ் என்றால் நிர்வகித்தல், மேற்பார்வை செய்தல். யூன் அம்மா எழுபது வயதுக்காரி, வகுப்பிலேயே ஆகச் சிறிய உருவம், எழுத்து முத்து முத்தாய் இருக்கும். அவர் எழுதிய வசனம் இது: "என் கணவர் நாற்பது வருடம் என்னை மனேஜ் பண்ணினார்." மற்ற எட்டுப் பேரும் சரிதானே என்று தலையாட்டினார்கள். உண்மையில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் இந்த ஊரில் மனிதர் அந்தச் சொல்லைப் பாவிக்கிற இடமே வேறு.

தாளை மடித்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு எழும்பினேன். மாடிப்படி ஏறக் கஷ்டம், ஆனாலும் ஏறிவிடுகிறேன்: அங்கே மனேஜ். போத்தல் மூடியோடு மல்லுக்கட்டிக் கடைசியில் திறந்துவிட்டேன்: அங்கேயும் அதுதான். இரண்டு கையிலும் பை, பஸ்ஸில் ஒருவன் உதவிக்கு வருகிறான், வேண்டாம் தம்பி என்று சொல்ல வேண்டும்: ஐ கன் மனேஜ். வீட்டில் படுக்கையில் வருத்தக்காரர் இருக்கிறார், எப்படி இருக்கிறீர்கள் என்று ஒருவர் கேட்கிறார்: வீ மனேஜ், தாங்க் யூ. எங்கள் ஆட்கள் "சமாளிக்கிறம்" என்று சொல்கிறார்களே, அது. உங்கள் மொழியில் இதற்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். ஒன்பது பேரும் ஒரே குரலில் "கென்ச்சனாயோ" என்றார்கள். பரவாயில்லை, ஒன்றுமில்லை என்று பொருளாம். அப்படியானால் விளங்கிவிட்டது என்று சொல்லி, அந்தக் கடைசி வசனத்தை எல்லாரையும் பத்துத் தரம் சொல்லவைத்தேன். யூன் அம்மா அதைக் கொப்பியின் மட்டையில் பெரிதாக எழுதிக்கொண்டார்.

2

மூன்று கிழமை கழித்து, வகுப்பு முடிந்த பிறகும் யூன் அம்மா கதிரையை விட்டு எழும்பவில்லை. மற்றவர்கள் போகும்வரை காத்திருந்து, "சொன்செங்னிம்" என்று கூப்பிட்டார். ஆசிரியரை அவர்கள் அப்படித்தான் அழைப்பார்கள். பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார்.

கவுன்சில், அதாவது நகரசபை, அனுப்பிய கடிதம். யூன் அம்மா இருப்பது எங்கள் பக்கத்துக் கவுன்சில்களில் ஒன்றின் எல்லைக்குள், எது என்று எழுதமாட்டேன், எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவைதான். அவருடைய கணவருக்குப் பாரிசவாதம் வந்து இரண்டு வருடம். வலப்பக்கம் இயங்காது, பேச்சும் அநேகமாக இல்லை. காலையிலும் மாலையிலும் ஒரு பராமரிப்பாளர் வந்து அவரைத் தூக்கி, கழுவி, உடுத்திவிட்டுப் போவார். அண்மையில் ஒரு அதிகாரி நேரில் வந்து நிலைமையைப் பார்த்திருக்கிறாள். பார்த்ததன் பலனாகக் காலை உதவி நிறுத்தப்படுகிறது என்று கடிதம் சொன்னது. காரணமும் இருந்தது. வீடு சுத்தமாகவும் கதகதப்பாகவும் உள்ளது. திரு யூன் நேர்த்தியாக உடுத்தியிருந்தார். தாங்கள் சமாளிப்பதாகத் திருமதி யூன் தெரிவித்தார்.

"அவள் வந்த அன்றைக்கு நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டேன். எங்கள் பேச்சு முழுக்க இங்கிலிஷில்தான், உங்களுக்காகத் தமிழில் தருகிறேன்.

யூன் அம்மா விரலை மடித்து ஒவ்வொன்றாய்ச் சொன்னார். விடிய நான்கு மணிக்கு எழும்பியிருக்கிறார். கணவரைத் தனியாகக் கழுவி, சவரம் செய்து, வெள்ளைச் சேர்ட்டும் கோட்டும் போட்டு, ரையும் கட்டிவிட்டிருக்கிறார். நனைந்த படுக்கைவிரிப்புகளை உருட்டி அலுமாரிக்குள். கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும் கழிவறைக் கதிரையைப் பின்கதவுக்கு வெளியே கொண்டுபோய்த் துணியால் மூடி. பிறகு பேரிக்காயைத் தோல் சீவி எட்டுத் துண்டாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு பல்லுக்குச்சி குத்தி, பார்லித் தேநீரும் வைத்திருக்கிறார்.

"பிறகு நீங்கள் சொல்லித் தந்ததைச் சொன்னேன். வீ மனேஜ், தாங்க் யூ. அந்தப் பெண்ணுக்கு உடனே விளங்கிவிட்டது." கொஞ்சம் பெருமையும் குரலில் இருந்தது.

யூன் அம்மாவின் எடை ஒரு நெல்லு மூட்டையில் பாதி வராது. கணவர் எண்பது கிலோ ஆள். காலை உதவி நின்ற பத்து நாளில் அவரைத் தூக்கப்போய் இரண்டு தரம் இருவருமாக விழுந்திருக்கிறார்கள். இன்னொரு தரம் விழுந்தால் முதியோர் இல்லம்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அங்கே கொரிய மொழி பேச ஒருவரும் இல்லை, அந்தச் சோறும் இல்லை. "ஹோம், நோ," என்றார் யூன் அம்மா. "அங்கே போனால் அவர் செத்துவிடுவார்." முடிவை மறுபரிசீலனை செய்யக் கேட்பதற்குக் கடிதத்தில் ஒரு மாதம் தவணை இருந்தது.

3

அந்த அதிகாரியை ஏசுவது சுலபமாக இருந்தது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மனதுக்குள் ஏசினேன். எழுபது வயது மனிசியையும் எண்பது கிலோ மனிதரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகும் கணக்கு விளங்காத கண் என்ன கண். பேரிக்காயைத் தின்றுவிட்டு உதவியை வெட்டுகிற வாய் என்ன வாய்.

ஆனால் எனக்கு ஞாபகம் வந்தது வேறு ஒருவர். ஊரில் நாங்கள் இடம்பெயர்ந்து, ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் மூன்று குடும்பமாய் இருந்த காலம். நான் அப்போது புதிதாய் வேலைக்குச் சேர்ந்த ஆசிரியை, சம்பளம் வந்து பல மாதம். நிவாரணம் யாருக்குக் கொடுப்பது என்று பதிவதற்குக் கிராம அதிகாரியான விதானையார் வருகிறார் என்று சத்தம் கேட்டதும் என் அம்மா செய்த முதல் வேலை, பக்கத்துக் குடும்பத்திடம் சீனி கடன் வாங்கியது. இரண்டாவது வேலை, பிள்ளைகள் எங்கள் மூன்று பேரையும் முகம் கழுவி, ஆளுக்கு இருந்த ஒரே நல்ல சட்டையைப் போடச் சொன்னது. விதானையார் சீனி போட்ட தேத்தண்ணி குடித்தார். எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "ரீச்சர் வீடு, என்ன குறை," என்று சொல்லிக்கொண்டே எதையோ எழுதினார். அந்த மாதம் எங்களுக்கு அரிசியும் இல்லை, பருப்பும் இல்லை.

ஏன் அம்மா இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டதற்கு அம்மா சொன்னது இவ்வளவுதான். "வாற மனிசருக்கு எங்கட வயித்தைத் திறந்து காட்டுறதே?"

அந்த வியாதியை நாங்கள் விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டோம். ஈஸ்ட் ஹாமிலும் சரி குட்மேய்ஸிலும் சரி, எந்தத் தமிழ் வீட்டிலாவது வருத்தக்காரரைப் பார்க்க அதிகாரி வருகிறார் என்றால் போய்ப் பாருங்கள். காலையிலேயே சாம்பிராணி போட்டிருக்கும். சோபாவுக்குப் புது உறை. மருந்துப் போத்தல் எல்லாம் மேசை லாச்சிக்குள். படுக்கையில் கிடக்கிறவர் கலியாண வீட்டுக்கு வெளிக்கிட்டவர் போல இருப்பார். அதிகாரிக்கு மட்டன் றோல்ஸ், மிஞ்சினதைக் கட்டியும் கொடுப்போம். அவர் போய் 'குடும்பத்தின் ஆதரவு போதியளவு உண்டு' என்று எழுதுவார். பிறகு இந்த நாடு எங்களைக் கவனிப்பதில்லை என்று கோயில் வாசலில் நின்று கத்துவோம். எங்களைப் போல ஒரு கூட்டம் உலகத்தில் இல்லை என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். கொரியர்களும் சேர்த்தி.

4

என் மகள் தர்சினி ரெய்னர்ஸ் லேனில் இருக்கிறாள். ஞாயிறு மதியம் சாப்பாட்டுக்கு வருவாள். அவளுடைய வேலையும் இதுதான். வேறொரு கவுன்சிலுக்காக வீடு வீடாகப் போய் யாருக்கு எவ்வளவு உதவி வேண்டும் என்று எழுதுகிறவள். கணக்கியல் படித்து, நல்ல கம்பனியில் கைநிறையச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவள், ஒருநாள் அதை உதறிவிட்டு இதற்குப் போனாள். கோயிலில் யாராவது கேட்டால் "கவுன்சிலில் ஒஃபிசர்" என்று மட்டும் சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன்.

யூன் அம்மாவின் கடிதத்தை அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒரே மூச்சில் வாசித்தாள்.

"ஆர் அம்மா இவவுக்கு இந்த வசனத்தைச் சொல்லிக் குடுத்தது?"

"நான்தான். இங்கிலிஷ் பிழையே?"

"இங்கிலிஷ் நல்லாத்தான் இருக்கு." கரண்டியை வைத்தாள். "அம்மா, எங்களுக்கு ஒரு வீட்டுக்கு ஒரு மணித்தியாலம்தான். கண்டதையும் அவை சொன்னதையும்தான் எழுத ஏலும். நல்ல நாளைக் காட்டினா நல்ல நாளைத்தான் எழுதுவம்."

"கண் எண்டு ஒண்டு இல்லையோ உங்களுக்கு? அந்த மனிசியைப் பாத்தா விளங்காதே?"

"விளங்கும். விளங்கினதை எழுதுறதுக்கு ஃபோர்மில பெட்டி இல்லை."

"இந்த விண்ணாணத்தைப் படிக்கத்தானே நல்ல வேலையை விட்டனீ," என்றேன். சொல்லும்போதே என் குரல் எனக்கே பிடிக்கவில்லை, ஆனாலும் சொல்லி முடித்தேன்.

தர்சினி வழக்கமாகப் பாதி இங்கிலிஷில்தான் பேசுவாள். அன்றைக்கு முழுத் தமிழில், அவசரமில்லாமல் ஆறுதலாகப் பேசினாள். "அப்பாவைப் பாக்க வந்தவைக்கு நீங்கள் பட்டுச் சீலை உடுத்துக்கொண்டு கதவு திறந்தனீங்கள். றோல்ஸ் பொரிச்சனீங்கள். அப்பா செத்தாப் பிறகு அவற்ற ஃபைலை நான் எழுதிக் கேட்டு எடுத்து வாசிச்சனான். மனைவி நல்லாச் சமாளிக்கிறா எண்டு மூண்டு இடத்தில எழுதியிருக்கு. அதை வாசிச்சிட்டுத்தான் நான் இந்த வேலைக்குப் போனனான்."

உங்களுக்குச் சொல்லவேண்டும். என் கணவருக்குக் கையும் காலும் நடுங்கும் வியாதி. இரண்டு வருடம் வீட்டில் நான் தனியாகத்தான் பார்த்தேன். ஒருநாள் அவரைக் குளியலறையிலிருந்து தூக்கும்போது என் முதுகெலும்பில் ஒரு தட்டு விலகிவிட்டது. என்னை ஆஸ்பத்திரிக்கும் அவரை முதியோர் இல்லத்துக்கும் கொண்டுபோனார்கள். மூன்றாம் மாதம் அவர் அங்கேயே இறந்துபோனார். கவுன்சில் உதவி தராததால்தான் எல்லாம் என்று இன்றுவரை எல்லாருக்கும் சொல்லிவந்திருக்கிறேன்.

"அது பட்டில்லை, கொட்டன் சீலை," என்றேன் மகளிடம்.

5

சாப்பிட்ட பிறகு தர்சினி ஒரு தாளில் இங்கிலிஷில் எழுதித் தந்தாள். மறுபரிசீலனைக் கடிதத்தை அவளே எழுதினாள். அதிகாரி வரும் நாளில் வீட்டைத் துப்புரவாக்கக் கூடாது. எதையும் ஒளிக்கக் கூடாது. ஆக மோசமான நாளைச் சொல்லவேண்டும். விழுந்தது, நனைந்தது எல்லாம் நாள் போட்டு எழுதி வைக்கவேண்டும். தின்னக் கொடுக்கக் கூடாது. இதற்கெல்லாம் ஒரு பட்டப்படிப்பு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். தாளை மட்டும் பத்திரமாக மடித்து வைத்தேன்.

அடுத்த செவ்வாய் யூன் அம்மாவுக்கு ஒவ்வொன்றாய் விளங்கப்படுத்தினேன். நனைந்த விரிப்பை வெளியில் வைப்பது என்ற இடத்தில் அவர் காதைப் பொத்திக்கொண்டார். தின்னக் கொடுக்கக் கூடாது என்றதும், "தேநீர் மட்டும்?" என்று கேட்டார். அதுவும் கூடாது என்றேன். இது நல்ல மனிதர் செய்கிற காரியமில்லை என்றார். எனக்கும் அதுதான் அபிப்பிராயம், ஆனால் நல்ல மனிதருக்கு இங்கே காலை உதவி கிடையாது என்று சொன்னேன்.

பிறகு வசனம். "ஐ கனொட் மனேஜ் ஹிம் அலோன்." தனியாக இவரை என்னால் சமாளிக்க முடியாது. யூன் அம்மாவின் வாயில் அது வரவே இல்லை. முதல் சொல் வரும், இரண்டாவது சொல்லில் குரல் உள்ளுக்குப் போய்விடும். சத்தமாக, என்றேன். உதடு மட்டும் அசைந்தது.

எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு முறைதான். ஊரில் மேடைப் பேச்சுக்குப் பிள்ளைகளைப் பழக்கின முறை. "வீட்டுக்குப் போங்கோ. குசினிக்குள் அடுப்படியில் நின்று, ஒரு நாளைக்கு இருபது தரம், பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரிச் சொல்லுங்கோ. ஒரு கிழமையில் வாய் பழகிவிடும்." யூன் அம்மா அதையும் கொப்பி மட்டையில், போன வசனத்துக்குக் கீழே எழுதிக்கொண்டார். அடுத்த கிழமை வந்து சொல்லிக் காட்டினார். ஒரு தடங்கல் இல்லை. உச்சரிப்பு எனக்கே பொறாமையாக இருந்தது. நான் கை தட்டினேன், மற்றவர்களும் என்னவென்று தெரியாமல் தட்டினார்கள்.

6

அதிகாரி வரும் நாளில் எனக்கும் பக்கத்தில் இருக்க அனுமதி கிடைத்தது. அரை மணி முன்னதாகவே போனேன். யூன் அம்மா நான் சொன்னதில் ஒன்றையும் தவறவிடவில்லை. தொட்டியில் கழுவாத கோப்பைகள். கழிவறைக் கதிரை கட்டிலோடு. விரிப்புகள் கதிரைமேல் குவியலாய்க் கிடந்தன, வாசமும் இருந்தது. யூன் அம்மா பழைய வீட்டுச் சட்டையோடு, தலை வாராமல், தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். யூன் ஐயா சாய்கதிரையில். அவருடைய பனியனில் காலைக் கஞ்சி சிந்தியிருந்தது. அவர் அரைக் கண்ணால் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வணக்கம் சொன்னேன், பதில் இல்லை. அவருக்குச் சுற்றி நடப்பது விளங்குவதில்லை என்றுதான் நான் எண்ணியிருந்தேன். அந்த வீட்டுக்குப் போய் வந்த எல்லாரும் அப்படித்தான் எண்ணியிருந்தார்கள்.

இந்த முறை வந்தவள் வேறொருத்தி, நடுத்தர வயது, முதுகில் பெரிய பை. எதிர்பார்த்ததைவிட மரியாதையாக இருந்தாள், அது எனக்கு ஏமாற்றமாகவே இருந்தது. ஏச வந்தவளுக்கு ஏச ஆள் வேண்டாமா. யூன் அம்மா எழும்பிக் குசினிப்பக்கம் பார்த்தார். பேரிக்காய். மணிக்கட்டைப் பிடித்து இருத்தினேன்.

"காலை நேரம் எப்படிப் போகிறது என்று சொல்லுங்கள்," என்றாள் அதிகாரி.

யூன் அம்மா நிமிர்ந்தார். மூச்சை எடுத்தார். "ஐ கனொட்" என்று தொடங்கினார். அந்த நேரம் பார்த்துக் கணவர் பக்கம் கண் போய்விட்டது. அவ்வளவுதான். வாய் திறந்தபடி நின்றது, சொல் வரவில்லை. அதிகாரி காத்திருந்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். இருபது தரம் ஏழு நாள் சொன்ன வசனம், மூன்று சொல்தானே மிச்சம், சொல்லித் தொலையுங்கோவன் என்று உள்ளுக்குள் கத்தினேன்.

பேசினது யூன் ஐயா. முதலில் அது அவருடைய குரல் என்றே எனக்குத் தெரியவில்லை. இங்கிலிஷ், ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் நீண்ட இடைவெளி.

"குசினியில் சொல்லுவாள். ஒவ்வொரு நாளும். எனக்குக் கேட்கும்."

அதிகாரி அவர் பக்கம் திரும்பினாள்.

"இவரைத் தனியாகச் சமாளிக்க முடியாது. அதுதான் வசனம்." இடக்கையை மெல்லத் தூக்கித் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "இவர் என்பது நான். நல்ல இங்கிலிஷ். உண்மை. எழுதுங்கள்."

யூன் அம்மா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அதிகாரி எழுதினாள். எனக்கு அந்த அறையில் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. குசினிக்கும் அந்த அறைக்கும் நடுவில் கதவுகூட இல்லை, ஒரு துணித்திரைதான் தொங்கியது. அதை நான் வந்தவுடனே கண்டேன். கண்டும் எனக்கு உறைக்கவில்லை.

7

மாத முடிவில் கடிதம் வந்தது. காலையும் மாலையும் உதவி, தூக்குவதற்கு இரண்டு ஆட்கள், தூக்கும் இயந்திரமும் தருவார்கள். இல்லத்தைப் பற்றிய பேச்சு நின்றது. தர்சினி "வெல் டன் அம்மா" என்று செய்தி அனுப்பினாள். யூன் அம்மா ஒரு பெட்டி நிறைய அரிசிமாப் பலகாரத்தோடு வகுப்புக்கு வந்து எல்லாருக்கும் கொடுத்தார். வகுப்பு முடிந்ததும் மேசையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்.

"சொன்செங்னிம், இப்போது என் கணவர் ஒவ்வொரு காலையும் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார். நாற்பது வருடத்தில் ஒருநாளும் கேட்டதில்லை. வேண்டாம் என்கிறேன். மறுபடியும் கேட்கிறார்." துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தார். "எனக்கு அது பிடிக்கவில்லை."

பலகாரம் நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.

வீட்டுக்கு வந்து மேல்கோட்டைக் கழற்றாமல் குசினிக்குள் நின்றேன். எங்கள் வீட்டில் கதவு இருக்கிறது, ஆனால் ஒழுங்காக மூடாது. கதவுக்கு அந்தப் பக்கம் முன்னறை. படியேற முடியாமல் போனபிறகு என் கணவரின் கட்டிலை அங்கேதான் போட்டிருந்தோம். கவுன்சில்காரருக்கும் கோயில் ஆட்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நான் "சமாளிக்கிறம்" என்றுதான் சொன்னேன். உண்மையைச் சொன்னது ஒரே ஒருத்திக்கு, ரொறன்ரோவில் இருக்கும் என் தங்கைக்கு. பின்னேரம் சோறு போட்டுவிட்டு, கைத்தொலைபேசியைத் தொட்டிக்குப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்து, ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுக் காய் வெட்டிக்கொண்டே கதைப்பேன். "ஏலாமக் கிடக்கடி. ஆளும் படுற பாடு, நானும் படுற பாடு. கடவுள் கெதியாக் கூப்பிட்டாக் காணும்." அவர் சீக்கிரம் போய்ச்சேரட்டும் என்று நான் சொன்னது ஒருநாள் இரண்டுநாள் இல்லை. கடைசி வருடம் அநேகமாக ஒவ்வொரு பின்னேரமும். அவருக்கு அப்போது பேச்சுப் போய்விட்டது. பேச்சோடு மற்றதெல்லாமும் போய்விட்டது என்று நானே முடிவுகட்டியிருந்தேன்.

இல்லத்தில் கடைசி மூன்று கிழமை அவர் வாய் திறக்கவில்லை. கரண்டியைக் கொண்டுபோனால் உதட்டை இறுக்கிக்கொள்வார். நான் வீட்டிலிருந்து புட்டும் சம்பலும் கொண்டுபோனேன், அதற்கும் திறக்கவில்லை. மாட்டுக்குப் போடுகிற கஞ்சியை ஊட்டி மனிதரின் வாயைக் கெடுத்துவிட்டார்கள் என்று அந்த இல்லத்துக்கு இரண்டு பக்கத்தில் ஒரு முறைப்பாடு எழுதினேன். நல்ல இங்கிலிஷ். அவர்கள் வருத்தம் தெரிவித்துப் பதில் போட்டார்கள். அந்தக் கடிதத்தின் பிரதியை எத்தனையோ பேருக்குக் காட்டியிருக்கிறேன்.

அந்த இறுக்கி மூடின வாயைப் பற்றி இப்போது வேறு விதமாக யோசிக்க வேண்டியிருக்கிறது. கதவுக்கு அந்தப் பக்கம் அவருக்கும் கேட்டிருக்கும். தங்கைக்குச் சொல்ல முடியாது, அவளும் கேட்டுக்கொண்டிருந்தவள். தர்சினிக்குச் சொல்லவே மாட்டேன். தகப்பன் செத்ததற்கு ஒரு காரணத்தை அவள் ஃபைலில் வாசித்திருக்கிறாள், இன்னொன்று அவளுக்கு வேண்டாம்.

அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். தர்சினிக்குத் தமிழ் பேச வரும், வாசிக்கத் தெரியாது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன் என்று அழுது அடம்பிடித்தவள். அதற்காக அவளை இத்தனை வருடமும் ஏசியிருக்கிறேன். இனி ஏசமாட்டேன்.